வீட்டில் ஓர் அமைதி மூலை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சத்தம், வெளிச்சம், ஆட்கள், படிப்பு என்று ஏதோ ஒன்று அளவுக்கு மீறும்போது சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்துவார்கள், சிலர் நிலத்தில் விழுந்து புரளுவார்கள், சிலர் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு சின்ன இடத்தை ஒதுக்குவது பற்றிய கேள்விகளும் பதில்களும் இவை. 3 முதல் 11 வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கும், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்புகளால் களைத்துப்போன பிள்ளைக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான்.

இது அடமா, தாங்க முடியாத நிலையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அடம் பிடிக்கும் பிள்ளைக்கு ஒரு பொருளோ சம்மதமோ வேண்டியிருக்கும். அழுதுகொண்டே உங்கள் முகத்தைப் பார்க்கும். கேட்டதைக் கொடுத்தால் நின்றுவிடும். தாங்க முடியாமல் உடைந்துபோன பிள்ளைக்குக் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. யார் பார்க்கிறார்கள் என்பதே அதற்குத் தெரியாது. முடிந்த பிறகு களைத்து நித்திரையாகிவிடும், அல்லது வெகுநேரம் பேசாமல் இருக்கும். அடமாகத் தொடங்கி அப்படியே உடைவதும் உண்டு. சந்தேகமாக இருந்தால் உடைவு என்றே எடுத்துக்கொண்டு நடவுங்கள். அடம் பிடிக்கும் பிள்ளையைப் பத்து நிமிடம் அமைதியாக இருக்கவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. உடைந்த பிள்ளையை அதட்டினால் நிலைமை மோசமாகும்.

எங்களுடையது இரண்டு அறைத் தொடர்மாடி வீடு. எந்த இடத்தைத் தெரிவு செய்வது?

1 மீற்றர் அகலமும் 1.2 மீற்றர் நீளமும் போதும். இரண்டு பக்கம் சுவர் இருக்கும் மூலையாக இருந்தால் நல்லது. முதுகுக்குப் பின்னால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தாலே பிள்ளையின் உடல் பாதி தளர்ந்துவிடும். அலுமாரிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட இடம், சாப்பாட்டு மேசையின் கீழ், படிக்கட்டின் அடி எல்லாமே ஆகும்.

தெரிவு செய்யுமுன் ஒரு வேலை செய்யுங்கள். வீடு மிகவும் பரபரப்பாக இருக்கும் மாலை 6 மணியளவில் அந்த இடத்தில், பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து, 10 நிமிடம் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். குசினியில் மிக்ஸி ஓடும் சத்தம், லிஃப்ட் கதவின் அதிர்வு, பக்கத்து வீட்டு டீவி, கண்ணில் குத்தும் பல்ப் என்று நின்றபடி கவனிக்காத பலதும் அப்போது தெரியும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலைப் பார்த்த அறைகளுக்கு ரயிலின் சத்தமும், காலி வீதியைப் பார்த்த அறைகளுக்கு பஸ் ஹோர்னும் வரும். ஆகவே வெளிச்சுவரை விட்டு வீட்டின் உட்சுவர்ப் பக்கம் போங்கள். மாடி வீட்டில் பல்கனிக்கும் யன்னலுக்கும் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். அங்கே அடுக்கும் தலையணையும் மெத்தையும் ஏறுவதற்குப் படியாகிவிடும். பக்கத்தில் உயரமான அலுமாரி இருந்தால் எல் வடிவ இரும்புத் துண்டால் சுவரோடு பிணைத்துவிடுங்கள்.

ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். எங்களுக்கு இது சாத்தியமா?

சாத்தியம். இடத்தை ஒதுக்க முடியாவிட்டால் நேரத்தையும் பொருட்களையும் ஒதுக்குங்கள். ஒரு கூடையில் பாய், ஒரு தலையணை, பெரிய சாரம் ஒன்று, காதுக்கவசம், பிள்ளைக்குப் பிடித்த இரண்டு பொருட்கள். தேவைப்படும்போது மேசையின் மேல் சாரத்தை விரித்து மூன்று பக்கம் தொங்கவிட்டால் மறைவு கிடைக்கும். ஒரு பக்கம் காற்றுக்காகத் திறந்திருக்கட்டும். கூடை எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அதற்குள் வேறு சாமான் எதுவும் போடக் கூடாது. கொட்டாஞ்சேனைத் தோட்டத்து வீடுகளில் சத்தத்தை நிறுத்த முடியாது. டீவியை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் 15 நிமிடம் வாசலில் போய் இருந்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

கடையில் விற்கும் விளையாட்டுக் கூடாரம் வாங்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம். அவை பொலியெஸ்டர் துணியில் வருகின்றன. கொழும்பின் வெக்கையில் மூடிய கூடாரத்துக்குள் சில நிமிடங்களிலேயே வியர்க்கத் தொடங்கும். ஏற்கெனவே உடம்பு சூடாகிக் கத்தும் பிள்ளைக்கு அது எதிர்மாறாக வேலை செய்யும். பருத்தி நுளம்பு வலை இதைவிட நல்லது: கண்ணுக்கு மறைவு, காற்றுக்கு வழி, நுளம்பும் வராது. அதன் மேல் ஒரு பக்கம் மட்டும் அடர்நிற பருத்திச் சீலையைப் போட்டால் வெளிச்சமும் குறையும். வலையின் கயிறு பிள்ளையின் கைக்கெட்டாத உயரத்தில் நிற்க வேண்டும். 20 செ.மீ.க்கு மேல் தொங்கும் கயிறு, யன்னல் திரை நாடா எதுவும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

கீழே பன் பாய் விரித்து அதன் மேல் 5 செ.மீ. தடிப்பான ஸ்பொஞ், கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறையோடு. தும்பு மெத்தை குளிர்ச்சியானது, ஆனால் இழுப்பு உள்ள பிள்ளைக்கு அதன் தூசி ஆகாது. உறையைக் கிழமைக்கு ஒருமுறை துவைத்து, ஸ்பொஞ்சை வெயிலில் நிமிர்த்தி வையுங்கள். மே மாத மழையிலும் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் சுவரோடு ஒட்டிய பக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நேற்றுவரை போன பிள்ளை இன்று அந்த மூலைக்குப் போக மறுத்தால் முதலில் மெத்தையை மணந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத வாடை அதற்குத் தெரிந்திருக்கலாம்.

வெளிச்சத்தை எப்படி அமைப்பது?

நம் வீடுகளில் பொதுவாக இருப்பது 6500 கெல்வின் அளவுள்ள வெள்ளை ‘டே லைட்’ பல்ப். அதை மாற்றுங்கள். ‘வார்ம் வைட்’ என்று கேட்டு, பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்ட 3 வோட் எல்.ஈ.டி. வாங்கினால் போதும். விளக்கு பிள்ளையின் கண்ணுக்கு நேரே இல்லாமல் சுவரைப் பார்த்து எரியட்டும். பழைய டியூப் லைட் மினுங்கினால் அதை அணைத்துவிட வேண்டும். அந்த மினுக்கமும் ‘ங்’ என்ற சத்தமும் சில பிள்ளைகளைத் தனியாகவே உடைக்கும். பல்பின் மேல் துணி போட்டு மறைப்பது தீப்பிடிக்கும் வேலை, செய்யாதீர்கள்.

கரண்ட் போகும் நேரத்துக்கென்று சார்ஜ் செய்யும் விளக்கு ஒன்றை அங்கேயே வையுங்கள். வெசாக் காலத்தில் விற்கும் சரவிளக்கு பிள்ளைக்குப் பிடித்திருந்தால் அணையாமல் எரியும் நிலையில் மட்டும் போடலாம், விட்டுவிட்டு மினுங்கும் நிலையில் வேண்டாம். பட்டரியில் எரியும் எந்தப் பொருளானாலும் அதன் மூடி ஸ்குரூ போட்டதாக இருக்க வேண்டும். பொத்தான் பட்டரியை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுவிடும்.

சத்தத்தைக் குறைக்க என்ன செய்யலாம்?

தடித்த திரைச்சீலை போட்டால் ரயில் சத்தம் கேட்காது என்பது தவறான நம்பிக்கை. திரை அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தம் இடுக்குகளால் வருகிறது. யன்னல் விளிம்பிலும் கதவின் அடியிலும் ரப்பர்ப் பட்டி ஒட்டினால் கூடுதல் பலன். சீமெந்து அல்லது டைல்ஸ் நிலத்தில் பாய் விரிப்பதும், சுவர்ப்பக்கம் தலையணைகளை அடுக்குவதும் எதிரொலியை நன்றாகவே குறைக்கும்.

மேசை ஃபான் ஒன்றைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் சீரான அந்த இரைச்சல், திடீரென்று வரும் ஹோர்னையும் பாண் ஆட்டோவின் பாட்டையும் ஓரளவு மூடிவிடும். பிள்ளைகளைத் துள்ள வைப்பது பெரும்பாலும் சத்தத்தின் அளவைவிட அதன் திடீர்த்தன்மைதான். காதுக்கவசம் வாங்கினால் 20 முதல் 25 டெசிபல் குறைப்பது போதும், பிள்ளையின் தலை அளவுக்கு வாங்குங்கள். நாள் முழுக்கப் போட்டிருக்க விடாதீர்கள். காது அமைதிக்குப் பழகிவிட்டால் பிறகு சாதாரணப் பேச்சும் இரைச்சலாகத் தோன்றும். பட்டாசு, கலியாண வீட்டு மேளம், ஜெனரேட்டர் ஓடும் நேரம் என்று தேவையான வேளைக்கு மட்டும்.

உள்ளே என்னென்ன வைப்பது?

குறைவாக. ஒரே நேரத்தில் நான்கு பொருளுக்கு மேல் வேண்டாம். பத்துப் பொருள் வைத்தால் அது விளையாட்டு மூலையாகிவிடும், தெரிவு செய்வதே பிள்ளைக்கு இன்னொரு பாரமாகிவிடும். இந்த வேலையில் சேர்ப்பதைவிடக் கழிப்பதுதான் முக்கியம்.

கைக்கு ஒன்று: இறுக்கிப் பிசைய ஒரு பந்து அல்லது கோதுமை மா உருண்டை. வாய்க்கு ஒன்று: உறிஞ்சிக் குடிக்கும் குழாயுள்ள தண்ணீர்ப் போத்தல். கடித்து நொறுக்குவதற்கு முறுக்குத் துண்டும் பிள்ளைக்கு உதவும், ஆனால் அழுகை முழுதாக அடங்கி நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே கொடுங்கள். தேம்பும்போது கொடுத்தால் புரையேறும். கண்ணுக்கு ஒன்று: எண்ணெயும் நிறத்தண்ணீரும் நிரப்பி, மூடியை இறுக்கிப் பசை போட்டு அடைத்த பிளாஸ்டிக் போத்தல். 500 மி.லீ. போத்தலில் பாதிக்கு மேல் தேங்காயெண்ணெய் ஊற்றுவார்கள். மார்கழி, தைக் குளிரில் அது உறைந்துவிடும், வேறு சமையல் எண்ணெய் நல்லது. உடம்புக்கு ஒன்று: கட்டிப்பிடிக்கப் பெரிய தலையணை, அல்லது கீழே சொல்லும் மடிப்பாரம்.

தண்ணீரில் ஊறி வீங்கும் ஜெலி முத்துகளை வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் போயும் வீங்கும்.

பாரமான போர்வை உதவுமா?

சில பிள்ளைகளுக்கு இதமாக இருக்கும், ஆனால் அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். பிரித்தானியாவில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் செய்து 2014 இல் வெளியான ஆய்வில், பாரப்போர்வையால் நித்திரை கூடவில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது. ஆபத்தையும் சொல்ல வேண்டும்: 2008 இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பாடசாலையில் பாரப்போர்வையால் சுற்றப்பட்ட ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று இறந்துபோனது. ஆகவே சுற்றக் கூடாது, தலையை மூடக் கூடாது, நித்திரைக்குப் போடக் கூடாது. 3 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், தானாகத் தள்ளிவிட முடியாத பிள்ளைக்கும் வேண்டவே வேண்டாம். நம் வெக்கைக்குப் போர்வையைவிட மடியில் வைக்கும் சின்னப் பாரம் பொருந்தும். பிள்ளையின் நிறையில் இருபதில் ஒரு பங்கு போதும், 15 முதல் 20 நிமிடம் வரை.

20 கிலோ பிள்ளைக்கு 1 கிலோ மடிப்பாரம் தைக்கும் முறை: நெருக்கமாக நெய்த தடித்த பருத்தித் துணியில் 44 க்கு 29 செ.மீ. அளவில் இரண்டு துண்டு வெட்டுங்கள். மீன் தொட்டிக்குப் போடும் மழமழப்பான சிறு கல் 1 கிலோவைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். துணியின் மூன்று பக்கத்தை இரட்டைத் தையல் போட்டு, நீளப்பக்கம் ஒன்றைத் திறந்தபடி விட்டு, திருப்பி எடுங்கள். திறந்த பக்கத்திலிருந்து அடிவரை மூன்று நேர்கோடு தைத்தால் நான்கு அறை கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 125 கிராம் கல் போட்டு, கீழே தள்ளிக் குண்டூசி குத்தி, குறுக்காக நடுவில் தையுங்கள். மறுபடியும் ஒவ்வொன்றிலும் 125 கிராம் போட்டு மேல் விளிம்பை இரட்டைத் தையலால் மூடுங்கள். தைக்கும்போது கல்லைத் தள்ளி வைக்காவிட்டால் மெஷின் ஊசி முறியும். அறை பிரிக்காமல் தைத்தால் கல் முழுதும் ஒரு மூலைக்குப் போய்விடும். வெளியே துவைக்கக்கூடிய உறை ஒன்று போடுங்கள்.

அரிசியோ பயறோ நிரப்ப வேண்டாம். இங்கிருக்கும் ஈரப்பதனில் விரைவிலேயே வண்டு வரும் அல்லது பூஞ்சணம் பிடிக்கும், துவைக்கவும் முடியாது. தையல் பிரிகிறதா என்று கிழமைக்கு ஒருமுறை பாருங்கள்.

ஏணை கட்டி ஆட்டலாமா?

வளர்ந்த பிள்ளைக்கு வேண்டாம். ஆடுவது பல பிள்ளைகளை அமைதிப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் சீலை முறுகிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து இருக்கிறது. ஃபான் கொக்கி ஆடும் பாரத்துக்காகப் போட்டதும் அல்ல. அதற்குப் பதில் ஆடும் கதிரை, அல்லது உங்கள் மடியில் வைத்து முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டுவது. சுற்றுவது வேண்டாம், அது பிள்ளையை இன்னும் கிளப்பிவிடும்.

சாம்பிராணி, ஊதுபத்தி, தைலம்?

அந்த மூலையில் எந்த வாசனையும் வேண்டாம். வாசனையும் ஒரு பாரம்தான், புகை இழுப்பைக் கிளப்பும். கற்பூரத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. சின்னப்பிள்ளை சிறிதளவு விழுங்கினாலும் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். நுளம்புச் சுருளுக்குப் பதில் வலை.

வெளிநாட்டுப் படங்களில் குமிழித் தூண், நிறம் மாறும் விளக்கு எல்லாம் இருக்கிறதே?

அந்த அமைப்பு 1970களில் நெதர்லாந்தில், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்கியிருந்த நிலையங்களில் உருவானது. புலன்களுக்கு இதமான அனுபவம் கொடுப்பது அங்கே நோக்கம். உங்கள் பிள்ளைக்கு வந்திருக்கும் பிரச்சினை அனுபவம் கூடிப்போனது. அந்தப் பணத்துக்குக் காதுக்கவசமும் நல்ல நுளம்பு வலையும் வாங்கிவிட்டு மிச்சத்தைக் கையில் வையுங்கள்.

எப்படிப் பழக்குவது?

பெரும்பாலான வீடுகளில் பிழை நடப்பது இங்கேதான். மூலையை அழகாக அமைத்துவிட்டு, பிள்ளை கத்தும் நாளில் முதன்முறையாகத் தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள். பிள்ளைக்கு அது தண்டனையாகவே படும், அதன் பிறகு அந்தப் பக்கமே போகாது.

அமைதியான ஒரு நாளில் பிள்ளையோடு சேர்ந்து அமையுங்கள். தலையணை உறையின் நிறத்தையும் மூலைக்கு ஒரு பெயரையும் பிள்ளையே தெரிவு செய்யட்டும். முதல் இரண்டு கிழமை, நாளுக்கு 5 முதல் 10 நிமிடம் நீங்களும் கூடவே போய் இருங்கள். பாடசாலை விட்டு வந்து உடுப்பு மாற்றிய உடனே உள்ள நேரம் நல்ல நேரம். அப்போது மூச்சைப் பழக்கலாம்: மூன்று எண்ணும்வரை இழுத்து, ஐந்து எண்ணும்வரை ஊதுவது. ஓலைக் காற்றாடி, சவர்க்காரக் குமிழி எதையும் ஊத வைக்கலாம். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு மெதுவாகிறது.

பிறகு முன்னறிகுறிகளைக் கவனியுங்கள். சட்டைக் கழுத்தைக் கடிப்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, காது சிவப்பது, நுனிக்காலில் ஓடுவது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று இருக்கும். அந்தக் கட்டத்தில் “வா, நாங்க உன்ர மூலைக்குப் போவம்” என்று அழைத்தால் வரும். உடைந்த பிறகு அழைத்தால் வராது. அப்போது பிள்ளை இருக்கும் இடத்திலேயே டீவியையும் லைட்டையும் அணைத்து, ஆட்களை வெளியே அனுப்பி, அந்த இடத்தையே மூலையாக்குங்கள்.

அந்த நேரத்தில் நான் என்ன சொல்ல வேண்டும்?

மிகக் குறைவாக. “சத்தம் கூடிப்போச்சு. அம்மா பக்கத்தில இருக்கிறன்.” அவ்வளவு போதும், சில நிமிடம் கழித்து மீண்டும் ஒருமுறை. “ஏன் அழுறாய்? என்ன வேணும்?” என்ற கேள்விகள் வேண்டாம், அந்நேரத்தில் பிள்ளையால் பதில் தேட முடியாது. நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில், பிள்ளையைவிடத் தாழ்வாக உட்காருங்கள். கேட்காமல் தொடாதீர்கள். கை நீட்டி வைத்திருங்கள், வேண்டுமானால் பிடிக்கும். உங்கள் குரலும் மூச்சும் மெதுவாகாவிட்டால் எந்த மூலையும் வேலை செய்யாது. முடியவில்லை என்றால் வீட்டில் இன்னொருவரிடம் மாற்றிவிட்டு வெளியே போய் முகம் கழுவுங்கள். அழுகை நின்ற பிறகும் 20 நிமிடமாவது பாடம், கணக்கு, புத்திமதி எதுவும் வேண்டாம். நடந்ததைப் பற்றி மறுநாள் கதைக்கலாம்.

போனைக் கொடுத்தால் உடனே அடங்குகிறதே?

அடங்கும். பிறகு போனைத் திருப்பி வாங்கும்போது இரண்டாவது உடைவு வரும். அந்த மூலையில் திரை எதுவும் வேண்டாம்.

“செல்லம் குடுத்துக் கெடுக்கிறாய், ரெண்டு அடி போட்டால் சரியாகும்” என்கிறார் அம்மம்மா.

அம்மம்மாவோடு வாக்குவாதம் செய்தால் அந்தச் சத்தமும் பிள்ளைக்குத்தான் போகும். அமைதியான நேரத்தில் அவருக்கென்று ஒரு வேலை கொடுங்கள்: “அம்மா, அவன் கத்தத் தொடங்கினா நீங்க டீவியை நிப்பாட்டிப்போட்டுத் தண்ணிப் போத்தலை மட்டும் கொண்டு வாங்கோ.” செய்ய வேலை இருந்தால் பேச்சு குறையும். அடித்தால் நிற்பது பயத்தினால். உள்ளே இருக்கும் பதற்றம் அப்படியே இருந்து, நித்திரையிலோ பாடசாலையிலோ வெளிவரும்.

தம்பியும் அங்கேயே போக வேண்டும் என்கிறான்.

அவனுக்கும் ஒரு தலையணையும் ஒரு பொருளும் வேறு இடத்தில் ஒதுக்கிக் கொடுங்கள். மூலைக்குள் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான்.

உள்ளே போனால் வெளியே வரவே மாட்டேன் என்கிறாள்.

முதல் சில நாட்கள் விடுங்கள். தொடர்ந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் அவள் எதைத் தவிர்க்கிறாள் என்று பாருங்கள். வீட்டுப்பாடமா, டியூஷனா, வீட்டுக்கு வரும் ஒரு ஆளா? கடைசிச் சந்தேகம் லேசாக எழுந்தாலும் பாரதூரமாக எடுங்கள். மற்றபடி, வெளியே வருவதற்கு உடம்பு வேலை ஒன்று உதவும்: சுவரைப் பத்துத்தரம் தள்ளுவது, இரண்டு ஒரு லீற்றர் போத்தல்களைக் குசினிக்குக் கொண்டுபோவது, ரொட்டி மாவைக் குழைப்பது.

தலையைச் சுவரில் மோதினால்?

இடையில் தலையணையையோ உங்கள் உள்ளங்கையையோ வையுங்கள். கட்டிப்பிடித்து அடக்காதீர்கள், மூச்சு முட்டும், போராட்டம் கூடும். ஆபத்தான பொருட்களை அகற்றுவதே முதல் வேலை. தினமும் நடந்தால் காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று வைத்தியரிடம் காட்டுங்கள். பேசத் தெரியாத பிள்ளை வலியை இப்படித்தான் சொல்லும்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும், எங்கே?

பேசிய சொற்கள் மறைந்தால், கூப்பிட்டாலும் தொட்டாலும் உணராமல் வெறித்துப் பார்த்தால், இரத்தம் வருமளவுக்குக் கடித்தால், உடைவுகள் கிழமைக்குக் கிழமை கூடினால் காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் தொடங்கலாம். பொரளையில் உள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் அவர்கள் அனுப்புவார்கள். மனநல ஆலோசனைக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929, மூச்சுத்திணறல், வலிப்பு போன்ற அவசரத்துக்கு 1990.

போகும்போது பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும், இரண்டு கிழமைக் குறிப்பையும் கொண்டுபோங்கள்: எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது. பாதுகாப்பாக எடுக்க முடிந்தால் 2 நிமிடக் காணொளி ஒன்றும் வையுங்கள். வைத்தியர் முன்னால் பிள்ளை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும்.